ஒட்டோக்கி (1987): சுடும் கையே இசைக்கும் கையான ஆட்டம் — ஒரு நிகழ்வு ஆய்வு

1987 மார்ச் மாதம் ஜப்பானில், நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்னும் வீட்டு ஆட்டக் கருவியோடு இணைக்கும் வட்டு இயக்கியான டிஸ்க் சிஸ்டத்துக்கென ஒட்டோக்கி என்ற வீடியோ கேம் வெளிவந்தது. உருவாக்கியது செடிக் நிறுவனம், வெளியிட்டது ஆஸ்கி நிறுவனம், வடிவமைத்தவர் தொஷியோ இவாய் என்னும் இளம் ஊடகக் கலைஞர். முதல் பார்வைக்கு அது அந்த ஆண்டுகளில் குவிந்து கிடந்த, பக்கவாட்டில் நகரும் சுடும் ஆட்டங்களில் இன்னொன்றாகவே தெரியும். திரை தானாக நகர்கிறது, எதிரிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், நாம் இயக்கும் உருவம் அவர்களைத் தாக்கியபடி முன்னேறுகிறது. வேறுபாடு காதுக்குத்தான் புலப்படும். ஒவ்வொரு தாக்குதலும் ஒரு சுரமாக ஒலிக்கிறது. அந்தச் சுரம் பின்னணி இசையோடு தாளம் தப்பாமல், சுருதி பிசகாமல் சேர்ந்துகொள்கிறது. சில நிமிடங்கள் ஆடிவிட்டால், இசைப் பயிற்சியே இல்லாதவர்கூட, தான் எதிரிகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறோமா, ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருக்கிறோமா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்.

இவ்வளவு சிறிய இயந்திரத்தில் இது எப்படிச் சாத்தியமாயிற்று, இதற்காகச் சுடும் ஆட்டம் என்ற வகையிலிருந்து எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்ற இரண்டு கேள்விகளை முன்வைத்து இந்த ஆய்வு நகர்கிறது. ஒட்டோக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் முன்னோடித்தன்மையைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால் அந்த ஆட்டத்தின் உண்மையான அருமை, ஆடுபவரிடமிருந்து எவற்றை எடுத்துக்கொள்வது, எதை மட்டும் அவர் கையில் விடுவது என்ற முடிவில் இருக்கிறது என்பதே என் கணிப்பு.

ஆட்டத்தின் அமைப்பு

ஆடுபவரின் ஆயுதம் தோட்டா அல்ல, ஒரு பந்து. பொத்தானை அழுத்தினால் அது எட்டுத் திசைகளுள் ஒன்றில் பாய்ந்து, வீசுபவர் கைக்கே திரும்பும் வளரியைப் போலத் திரும்பி வருகிறது. எதிரிகளை வீழ்த்துவதும் வழியில் கிடைக்கும் பொருட்களைச் சேகரிப்பதும் இந்தப் பந்துதான். ஆடுபவர் எதிரியிடம் அடிபட அடிபட பந்து சிறுத்துக்கொண்டே போகிறது. ஆகவே ஆயுதத்தின் பருமனைப் பார்த்தே ஆடுபவர் தன் நிலையை அறிந்துகொள்ளலாம்.

எட்டுத் திசைகளில் ஒவ்வொன்றும் ஒரு சுரம். மேலே எறிந்தால் ஒன்று, முன்னே எறிந்தால் வேறொன்று, மூலைவாட்டில் எறிந்தால் மற்றொன்று. சில பொருட்களைச் சேகரித்தால் சுரங்கள் ஒலிக்கும் கருவியின் தொனி மாறும். எதிரிகளின் தொல்லையில்லாமல் இசைப்பதற்கென்றே தனியாக ஒரு முறையும் ஆட்டத்துக்குள் இருக்கிறது. அந்த முறை அங்கே இருப்பதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

ஃபேமிகாமின் கைப்பிடியில், ஆட்டத்தைத் தொடங்கவும் தேர்வு செய்யவும் உள்ள சிறு பொத்தான்களை விட்டுவிட்டால், ஒரே ஒரு திசைப் பொத்தானும், அதற்கு வலப்பக்கம் இரண்டு பொத்தான்களும்தான் உள்ளன. உருவத்தை நகர்த்துவதும் அதே திசைப் பொத்தான், குறிவைப்பதும் அதே திசைப் பொத்தான். ஆகவே ஆடுபவரின் உடல் எங்கே போகிறது என்பதும், அவர் வாசிக்கும் சுரம் எது என்பதும் ஒரே பெருவிரலின் ஒரே அசைவிலிருந்து பிறக்கின்றன. மேலிருந்து இறங்கும் எதிரியை நோக்கி ஏறிச் சென்றபடி பந்தை எறிகிறார் ஒருவர். அது ஒரு சுரம். பின்னால் இன்னொன்று நெருங்குவதைக் கண்டு இடப்பக்கம் திரும்பி எறிகிறார், வேறு சுரம். மூலையில் மிதக்கும் பொருளை விட மனமில்லாமல் குறுக்கே எறிகிறார்; மூன்றாவது சுரம். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சிறு சொற்றொடராகக் காதில் விழும்போது, அதை இயற்றியவர் யார் என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. எதிரிகளை அங்கே நிறுத்தியவருக்கும் பங்குண்டு, அவர்களை எந்த வரிசையில் எதிர்கொள்வது என்று முடிவெடுத்தவருக்கும் பங்குண்டு.

எடுத்துக்கொண்டவை இரண்டு, விட்டுவைத்தது ஒன்று

ஒரு மெட்டு கெட்டுப்போக இரண்டு வழிகள் போதும். சுரம் தவறான நேரத்தில் விழலாம். அல்லது சரியான நேரத்தில் தவறான சுரம் விழலாம். இசை கற்பவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தவிர்க்கக் கற்றுக்கொள்ளும் இந்த இரண்டு பிழைகளையும் ஒட்டோக்கி ஆடுபவரின் பொறுப்பிலிருந்தே எடுத்துவிடுகிறது. பொத்தான் எந்தக் கணத்தில் அழுத்தப்பட்டாலும் சுரம் பின்னணித் தாளத்தின் கட்டத்தில்தான் வந்து விழும். எந்தத் திசை தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அதற்குரிய சுரம் அந்த நேரத்தில் ஒலிக்கும் பின்னணியின் சுரக்கூட்டுக்குப் பொருந்தியதாகவே இருக்கும். பின்னணி மாறும்போது அதே திசையின் சுரமும் அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. அபசுரம் என்பதே அங்கே எழ முடியாது.

இந்த ஏற்பாட்டை ஆடுபவருக்குக் காட்டிய சலுகை என்று மட்டும் கொள்வது போதாது. காலமும் சுருதியும் இயந்திரத்திடம் போய்விட்ட பிறகு ஆடுபவரிடம் எஞ்சுவது தேர்வு: எந்தத் திசை, எத்தனை முறை, எங்கே நிறுத்துவது. மௌனமும் இந்தத் தேர்வுக்குள் அடங்கும். விடாமல் பொத்தானைத் தட்டுபவரின் இசை இடைவெளியற்ற சரமாக ஒலிக்கிறது. எதிரி நெருங்கும்வரை காத்திருந்து எறிபவரின் இசையில் மூச்சு விடும் இடங்கள் தானாகவே அமைகின்றன. ஒரே மட்டத்தை, அதாவது ஆட்டத்தின் ஒரே பகுதியை, இரண்டு பேர் ஆடினால் இரண்டு வேறுபட்ட இசை கிடைப்பது இதனால்தான். பிழை செய்யும் சுதந்திரத்தைப் பறித்து, இயற்றும் சுதந்திரத்தைக் கையளித்த வடிவமைப்பு இது.

இதன் அருமை, பின்னாளில் பெருகிய தாள ஆட்டங்களோடு ஒப்பிடும்போது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1996இல் பிளேஸ்டேஷனில் வந்த பாரப்பா தி ராப்பர் முதலாக, அந்த வகை ஆட்டங்களில் இசை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஆடுபவர் அதன் கணங்களைத் தவறாமல் தொட வேண்டும், தொட்டாரா இல்லையா என்று ஆட்டம் மதிப்பிடுகிறது. அங்கே இயந்திரம் தேர்வாளர். ஒட்டோக்கியில் இயந்திரம் பக்கவாத்தியக்காரர். முன்னே இருப்பவர் எப்படி வாசித்தாலும் அதைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. சுட்டுக்கொண்டும் தப்பிக்கொண்டும் இருக்கும் ஒருவரிடம் தாளத்தையும் தவறாமல் பிடிக்கச் சொல்லியிருந்தால் இரண்டு சுமைகளும் ஒன்றையொன்று நசுக்கியிருக்கும். இவாய் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு ஆட்டத்தின் அமைப்பே சான்று.

இயந்திரம் கொடுத்ததும் மறுத்ததும்

ஃபேமிகாமின் மையச் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குவது. ஒலிக்கு அது தரும் தடங்கள் ஐந்து: இரண்டு சதுர அலைத் தடங்கள், ஒரு முக்கோண அலைத் தடம், ஓர் இரைச்சல் தடம், பதிவான ஒலித்துணுக்குகளை ஒலிக்கும் ஒரு தடம். 1986 பிப்ரவரியில் வெளிவந்த டிஸ்க் சிஸ்டம் இவற்றோடு ஆறாவதாக ஒரு தடத்தைச் சேர்த்தது. 64 படிகள் கொண்ட அலைவடிவத்தை நிரலாளரே வரைந்துகொள்ளும் வசதி அதில் இருந்ததால், சதுர அலையின் கூர்மைக்கு மாறாக மணியோசை, குழலோசை போன்ற மென்மையான தொனிகளையும் எழுப்ப முடிந்தது. வட்டின் இரு பக்கங்களும் சேர்ந்து சுமார் 112 கிலோபைட் கொள்ளும்.

அந்தக் காலத்துச் சுடும் ஆட்டங்கள் பலவற்றில் ஒரு பழைய பூசல் இருந்தது. தடங்கள் சிலவே என்பதால், வெடியோசையோ சுடும் ஓசையோ எழும்போது இசைக்கென ஒதுக்கிய தடங்களில் ஒன்றை அது பறித்துக்கொள்ளும். கூர்ந்து கேட்டால், எதிரிகள் மிகும் இடத்தில் மெட்டின் ஒரு குரல் அறுந்து அறுந்து ஒலிப்பது தெரியும். இசையமைப்பாளர்கள் முக்கியமான குரலை எந்தத் தடத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று யோசித்தே எழுதினார்கள். ஒட்டோக்கியின் ஏற்பாட்டில் இந்தப் பூசலின் அடிப்படையே மாறிவிடுகிறது. சுடும் ஓசையே மெட்டின் தலைக்குரல். அது ஒலிக்காத நேரத்தில்தான் இசை குறைபட்டதாகத் தோன்றும். பின்னணி வேண்டுமென்றே மெலிதாக, மேலே ஒரு குரல் வந்து அமர இடம் விட்டு எழுதப்பட்டிருப்பதைக் கேட்டவுடனே உணரலாம். இல்லாத வளத்தைத் தேடி ஏங்காமல், இருக்கும் தடங்களின் பங்கீட்டையே மாற்றிப் போட்ட இந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது.

தாளத்தின் பக்கம் வந்தால், திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுவதுதான் அந்த இயந்திரத்தின் இதயத்துடிப்பு. ஆட்டத்தின் எல்லா நிகழ்வுகளும், இசையும்கூட, பெரும்பாலும் அந்தத் துடிப்பையே அளவாகக் கொண்டு நகர்கின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதை ஒரு ஃபிரேம் என்பார்கள். நிமிடத்துக்கு 150 தாள அடிகள் என்ற வேகத்தில் ஓர் அடிக்கு 24 ஃபிரேம். அரை அடிக்கு 12. கால் அடிக்கு 6. எல்லாம் முழு எண்கள், ஆகவே தாளம் தெளிவாக நிற்கும். அதையே 120 அடிகள் என்று வைத்தால் கால் அடிக்கு ஏழரை ஃபிரேம் வருகிறது. அரை ஃபிரேம் என்று ஒன்று இல்லாததால், ஏழும் எட்டுமாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருக்கும். சுடும் கட்டளையைத் தாளத்தோடு பிணைக்கும் ஆட்டத்தில் இத்தகைய சில்லறைக் கணக்குகள் ஒதுக்கத்தக்கவை அல்ல. இசையின் வேகத்தைத் தேர்வதும் ஆயுதத்தின் வேகத்தைத் தேர்வதும் அங்கே ஒரே முடிவு.

சுடுபவரும் இசைப்பவரும் மோதும் இடம்

இனி விலையைப் பார்ப்போம். சுடும் ஆட்டத்தின் முதல் ஒப்பந்தம், பொத்தானை அழுத்திய கணத்திலேயே ஆயுதம் பாய வேண்டும் என்பது. தாளத்தின் முதல் ஒப்பந்தம், கட்டம் வரும்வரை பொறுக்க வேண்டும் என்பது. மேலே சொன்ன 150 அடி வேகத்தில் அரை அடிக் கட்டத்துக்குக் காத்திருந்தால், மிக மோசமான கணத்தில் அழுத்தியவருக்கு ஏறத்தாழ 0.2 நொடி தாமதமாகும். ஃபிரேமுக்கு இரண்டு திரைப் புள்ளிகள் (பிக்சல்கள்) நகரும் எதிரி அதற்குள் 24 புள்ளிகள் நகர்ந்துவிடும். 256 புள்ளி அகலமுள்ள திரையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உயிர் பிழைப்பதற்கும் அடிபடுவதற்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இதற்கு வடிவமைப்பாளர்முன் இரண்டு வழிகள் உண்டு. பந்தை உடனே பாயவிட்டு ஒலியை மட்டும் தாமதிக்கலாம்; அப்போது கைக்கும் காதுக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்து, ஒலி யாரோ போட்டதுபோல் ஆகிவிடும். இரண்டையும் சேர்த்துத் தாமதிக்கலாம். அப்போது ஆயுதம் சோம்பியது போன்ற உணர்வு வரும். எந்த வழியில் போனாலும், மற்ற இடங்களில் ஆட்டம் இளகிக் கொடுத்தால்தான் ஆடுபவர் பொறுத்துக்கொள்வார். ஒட்டோக்கியின் ஆயுதம் ஊசிமுனைத் தோட்டாவாக இல்லாமல் பருமனான பந்தாக இருப்பதையும், அது போகும்போதும் வரும்போதும் வழியில் உள்ளவற்றைத் தொடுவதையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் படிக்கிறேன். நுண்ணிய குறி தேவைப்படாத ஆயுதத்துக்குச் சிறு தாமதம் பெரிய குறையாகாது. தோற்றத்தில் விளையாட்டுத்தனமாகத் தெரியும் அந்த உருண்டை, தாளத்துக்காகச் செய்துகொண்ட சமரசத்தைத் தன் பருமனுக்குள் மறைத்து வைத்திருக்கிறது.

இதைவிட ஆழமான மோதல் ஒன்று உண்டு. அதற்கு முழுத் தீர்வு கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிழைக்க விரும்புபவர் மிகக் குறைந்த முயற்சியில் அதிகப் பாதுகாப்பைத் தரும் திசையைத் தேடுவார். திரை ஒரு பக்கமாக நகரும் ஆட்டத்தில் ஆபத்து பெரும்பாலும் முன்னாலிருந்து வரும். ஆகவே அவர் முன்பக்கமே எறிந்துகொண்டிருப்பார். இசையின் கணக்கில் அது ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. நன்றாகச் சுடுபவரின் இசை வறண்டதாகவும், நன்றாக இசைக்க விரும்புபவரின் ஆட்டம் வீண் வீச்சுகள் நிறைந்ததாகவும் ஆகக்கூடிய ஆபத்து இந்த அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது. பின்னணி மாறும்போது ஒரே திசையின் சுரமும் மாறுவது இந்த வறட்சியை ஓரளவு தணிக்கிறது. சேகரிக்க வேண்டிய பொருட்கள் பல திசைகளில் மிதப்பதும் கையைப் பல பக்கமும் இழுக்கிறது. ஆனாலும் எதிரிகளே இல்லாமல் இசைக்க ஒரு தனி முறையை ஆட்டத்துக்குள் வைத்தது, இரண்டு ஆசைகளும் எல்லா நேரமும் ஒரே பாதையில் போகமாட்டா என்பதை வடிவமைப்பாளர் உணர்ந்திருந்தார் என்றே காட்டுகிறது. அதை ஒட்டோக்கியின் தோல்வியாக நான் கருதவில்லை. தன் எல்லையைத் தானே அறிந்த ஆட்டத்தின் நேர்மை அது.

டிஸ்க் சிஸ்டம் ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கு வரவே இல்லை. ஆகவே ஒட்டோக்கியும் அந்த நாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆட்ட இசையின் வரலாற்றை எழுதுவோர், ஆடுபவரின் செயலிலிருந்து அந்தந்தக் கணத்தில் இசை பிறப்பதற்கான தொடக்க கால எடுத்துக்காட்டாக அதைப் பின்னாளில் குறிப்பிடத் தொடங்கினார்கள்.

ரெஸ் தேர்ந்த வேறு பாதை

14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2001 நவம்பரில், செகா நிறுவனத்தின் யுனைடெட் கேம் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு ரெஸ் என்ற ஆட்டத்தை டிரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2 ஆகிய ஆட்டக் கருவிகளில் வெளியிட்டது. தலைமை தாங்கியவர் தெட்சுயா மிசுகுச்சி. ஓவியர் கண்டின்ஸ்கியின் நினைவாக, உருவாக்கத்தின்போது அதற்கு கே-புராஜெக்ட் என்று பெயரிட்டிருந்தார்கள். ஒலியையும் நிறத்தையும் அசைவையும் ஒரே புலனாகக் கலப்பதே அதன் நோக்கம்.

ரெஸ்ஸிலும் சுடுவது தாளத்தோடு பிணைந்திருக்கிறது, ஆனால் பிணைத்த முறை வேறு. ஆடுபவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி எட்டு இலக்குகள் வரை குறித்துக்கொள்கிறார். பொத்தானை விடும்போது வீச்சுகள் தாளத்தின் கட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் வெடிக்கின்றன. இங்கே தாமதம் குறையாக உறுத்துவதில்லை. குறிப்பது ஒரு செயல், விடுவது வேறொரு செயல் என்று பிரிந்துவிட்டதால், விட்ட பிறகு வீச்சுகள் வரிசையாகப் போவதை ஆடுபவர் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார். ஒட்டோக்கி ஒரு பருமனான பந்தைக் கொண்டு சமாளித்த சிக்கலை ரெஸ் பொத்தானின் இலக்கணத்தையே மாற்றித் தீர்த்தது. வடிவமைப்பாகப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் ரெஸ்ஸில் ஆடுபவர் பெரும்பாலும் மெட்டை இயற்றுவதில்லை. எந்தச் சுரம் என்பது அவர் கையில் இல்லை. எப்போது, எவ்வளவு அடர்த்தியாக என்பதே அவருடையது. மட்டம் முன்னேற முன்னேற இசையில் அடுக்குகள் கூடுகின்றன, அவருடைய வீச்சுகள் அதன்மேல் தாளவாத்தியத்தின் அணிகளாக விழுகின்றன. ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு பெரும் இசைக்குள் பங்கேற்பவராக அவர் மாறுகிறார். உணர்ச்சியின் வீச்சில் ரெஸ் ஒட்டோக்கியைவிட எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது. இசைப்பவருக்குத் தரும் அதிகாரத்தில் ஒட்டோக்கியைவிடக் குறைவாகவே இருக்கிறது. 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு உயர் தெளிவுப் பதிப்பாகவும், 2016இல் ரெஸ் இன்ஃபினிட் என்ற பெயரில் மெய்நிகர் கருவியிலும் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

இவாய் போன வழி

இவாயின் பாதை எதிர்த் திசையில் போனது. 1962இல் பிறந்து சுகுபா பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற அவர், புரட்டுப் புத்தகங்களிலும், 19ஆம் நூற்றாண்டின் அசையும் படக் கருவிகளிலும் தொடங்கியவர். பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் ஒரே செயலாவதே அவருடைய தொடர்ந்த அக்கறை. ஒட்டோக்கிக்குப் பின் அவர் செய்தவற்றில் எதிரிகள் மறைந்துபோனார்கள். மாக்சிஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட சிம்டியூன்ஸில், ஆடுபவர் வண்ணப் புள்ளிகளால் ஒரு படம் தீட்ட, அதன்மேல் ஊர்ந்து செல்லும் நான்கு பூச்சிகள் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு சுரமாக இசைக்கின்றன. 2005இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வந்த எலக்ட்ரோபிளாங்டனில் பத்து வகை உயிரிகள். அவற்றுள் ஒன்று ஃபேமிகாமின் ஒலிகளையே கருவியாகக் கொண்டு, தொடுபவரின் தட்டல்களைத் தாளத்துக்குள் அமர்த்தித் திரும்ப ஒலிக்கிறது. யமஹாவோடு சேர்ந்து அவர் உருவாக்கி 2007இல் விற்பனைக்கு வந்த தெனோரி-ஆன், 16க்கு 16 என்ற ஒளிப் பொத்தான் கட்டத்தைக் கொண்ட முழுமையான இசைக்கருவி.

இந்த வரிசையில் காலமும் சுருதியும் இயந்திரத்தின் காவலில் இருக்கும் ஒட்டோக்கியின் கொள்கை பெருமளவு தொடர்கிறது. விடுபட்டது நெருக்கடி மட்டும். நெருக்கடி போனதும் ஆடுபவர் சாவகாசமாக இயற்றலாம், கேட்டு ரசிக்கலாம், அழித்துத் திருத்தலாம். அதே வேளையில், அடுத்த சுரத்தை ஏன் வாசிக்க வேண்டும் என்பதற்கான வெளிக்காரணமும் போய்விடுகிறது. எலக்ட்ரோபிளாங்டன் வெளிவந்தபோது அதில் இலக்கு இல்லை, செய்ததைச் சேமிக்கவும் வழியில்லை என்று எழுந்த குறையை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒட்டோக்கியில் எதிரிகள் ஆடுபவரைத் துன்புறுத்தியதோடு, அவர் தானாகத் தேர்ந்திராத திசைகளுக்கு அவரை விரட்டி, அவர் நினைத்திராத சுரங்களை அவரிடமிருந்து வாங்கினார்கள்.

ஆகவே இந்த ஆட்டத்தை மேலும் ஆராய விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது எளிய ஒரு சோதனை. ஒரே மட்டத்தை ஒருவர் இரண்டு முறை ஆடட்டும். முதல் முறை உயிர் பிழைப்பதற்காக மட்டும், இரண்டாம் முறை நல்ல மெட்டுக்காக மட்டும். இரண்டையும் பதிவுசெய்து, எறிந்த திசைகளை வரிசையாக எழுதி அருகருகே வைக்கட்டும். இரண்டு வரிசைகளும் எந்தெந்த இடங்களில் ஒன்றாகப் போகின்றனவோ, அந்த இடங்களில் எதிரிகள் எப்படி நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.